வி.பி.என். போட்டால் மாட்டமாட்டோமா? படமும் புத்தகமும் நேர்வழியில் தேட ஒரு முழு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்த சூட்டோடு டெலிகிராமில் லிங்க் வந்துவிடுகிறது. படத்தின் ஓரத்தில் பந்தயச் செயலி ஒன்றின் விளம்பரம், நடுவில் பாப்கார்ன் வாங்க எழுந்து போகிறவரின் தலை, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலி. இதைப் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வி.பி.என். போட்டுக்கிட்டா மாட்டமாட்டோம்ல?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. இணையத்தில் முகம் காட்டாமல் இருப்பது ஒன்று; வி.பி.என். செயலிகள் தருவதாகச் சொல்வது இதைத்தான். வேண்டிய படத்தையோ புத்தகத்தையோ பெறுவது இன்னொன்று. முதலாவது நல்ல தேவைதான், ஆனால் நினைப்பதைவிடக் கடினம். இரண்டாவது நினைப்பதைவிடச் சுலபம். தமிழில் ஆட்கள் திருட்டுத்தனமாக இறக்கும் பலவற்றுக்கு, குறிப்பாகப் பழைய நூல்களுக்கு, காசே கொடுக்க வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

முதல் படி: சட்டம் எங்கே தொடங்குகிறது?

திரையரங்கில் செல்பேசியைத் தூக்கிப் பிடிப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான செயல். 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, அனுமதியின்றிப் பதிவு செய்வதற்கும் பரப்புவதற்கும் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை என்று வைத்தார்கள். அபராதம் குறைந்தது 3 லட்சம். படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். நூறு கோடிப் படம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "எந்தத் தியேட்டர்னு எப்படித் தெரியும்?" என்றால், டிஜிட்டல் திரையிடல் கருவிகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்க்குறியைப் படத்தோடும் ஒலியோடும் கலந்தே வெளியிடுகின்றன. கசிந்த பிரதியை ஆராய்ந்தால் எந்தக் கருவியில், எந்த நேரத்தில் ஓடியது என்று கண்டுபிடித்துவிடலாம். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் திரையரங்கு ஒன்றில் தமிழ்ப் படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த மதுரைக்காரர் ஒருவரைக் கேரளக் காவல்துறை கையும் களவுமாகப் பிடித்தது.

அடுத்தது பதிவேற்றுவதும் பகிர்வதும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. இந்தக் குற்றத்தில் காவல்துறை நேரடியாகக் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். அனுப்பும் மாமாவைத் தேடி நாளைக்கே போலீஸ் வரப்போவதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் சேனல் ஒன்றின் அட்மின் அந்த நம்பிக்கையில் தூங்க முடியாது.

வெறுமனே பார்ப்பது? 2016-ல் முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தவர்களுக்கு "பார்த்தாலே 3 ஆண்டு சிறை" என்ற தொனியில் ஓர் எச்சரிக்கைப் பக்கம் வந்து நாடு முழுக்கக் கிலி கிளப்பியது. பார்ப்பது தன்னளவில் குற்றமல்ல, பரப்புவதும் பொதுவில் காட்டுவதும்தான் குற்றம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் விளக்கிய பிறகே அது அடங்கியது. இறக்கி வைத்துக்கொள்வது வேறு: அது ஒரு நகல் எடுப்பு. 'சொந்தப் பயன்பாடு' என்ற விதிவிலக்கு முழுப் படத்துக்கும் குடை பிடிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

தடை உத்தரவுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அடையாளம் தெரியாத எதிரிகள் மீது உத்தரவு வாங்கினார்கள். இதை இங்கே 'அசோக் குமார் உத்தரவு' என்பார்கள். பெயர் தெரியாத எதிரிக்கு வழக்கில் வைக்கும் பெயர் அது. பாவம், உண்மையான அசோக் குமார்கள். இணைய நிறுவனங்கள் அந்த உத்தரவைக் காட்டி விமியோ, டெய்லிமோஷன் போன்ற காணொளித் தளங்களை முழுசாகவே முடக்கின. அந்த ஜூனில் நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் முடக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது: முடக்கிய தளம் புதுப் பெயரில் முளைத்தால் புது வழக்குப் போடாமலே அதையும் பட்டியலில் சேர்க்கலாம் என்றது. ஒரே தளம் வாரத்துக்கு ஒருமுறை முகவரியின் வாலை மாற்றிக்கொண்டு வருவதும் மறைவதும் இதனால்தான்.

இரண்டாம் படி: யார் கண்ணுக்கு என்ன தெரியும்?

இன்காக்னிட்டோ ஜன்னல் உங்கள் கணினியைப் பயன்படுத்தும் தம்பியிடமிருந்து மட்டுமே உங்களை மறைக்கும். ஹிஸ்டரி சேமிக்காது, அவ்வளவுதான். உங்கள் இணைய நிறுவனத்துக்கும் நீங்கள் போகும் தளத்துக்கும் எல்லாம் முன்போலவே தெரியும்.

பூட்டுக் குறி போட்ட தளங்களில் நீங்கள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளம் என்பது பெரும்பாலும் தெரியும். செல்பேசியில் ஒரே ஐ.பி. முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்வதால் தப்பித்துவிடலாம் என்றொரு பேச்சு உண்டு. ஆனால் எந்த நேரத்தில் அது யாருக்குப் போனது என்ற பதிவை நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் மாறிய உரிம விதி.

டோரன்ட்டை வெறும் பதிவிறக்கம் என்று நினைப்பவர்கள் அது வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். கோப்பு துண்டு துண்டாக வருகிறது; வந்த துண்டுகளை உங்கள் கணினி அப்போதே மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்குகிறது. ஆக, நீங்கள் பார்வையாளர் இல்லை, விநியோகஸ்தர். அந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லோருடைய ஐ.பி. முகவரியும் எல்லோருக்கும் தெரியும். உரிமைதாரர் அமர்த்திய நிறுவனமும் அதே கூட்டத்தில் சேர்ந்து பட்டியல் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலர் இதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள்: ஊரில் இருந்த பழக்கத்தில் ஒரு படத்தை டோரன்ட்டில் போடுவார்கள், சில வாரத்தில் வக்கீல் அலுவலகத்திலிருந்து பல நூறு யூரோ கேட்டுக் கடிதம் வரும். வாடகை வீட்டின் வைஃபை வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் கடிதம் அவருக்குப் போகும். அதன் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனி போகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே மடிக்கணினியிலிருந்து டோரன்ட் செயலியை நீக்கிவிடுங்கள். பின்னணியில் தானாக ஓடிக்கொண்டிருந்தாலும் கடிதம் வரும்.

இப்போது வி.பி.என். அது உங்கள் இணையப் போக்குவரத்தை ஒரு குழாய்க்குள் வைத்து இன்னொரு கணினி வழியாக வெளியே விடுகிறது. இணைய நிறுவனத்தின் கண் மறைகிறது. ஆனால் அதே பார்வை வி.பி.என். நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. நம்பிக்கையை இடம் மாற்றுகிறீர்களே தவிர, நம்ப வேண்டிய தேவை போய்விடவில்லை. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐ.பி. ஆகியவற்றை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்ட் வி.பி.என். போன்றவை இதற்கு உடன்படாமல் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டன.

இலவச வி.பி.என். என்றால் இன்னும் கவனம். ஹோலா என்ற இலவசச் சேவை தன் பயனர்களின் இணைய இணைப்பையே வேறு ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015-ல் வெளியே வந்தது. ஃபேஸ்புக் நடத்திய ஒனாவோ, பயனர்கள் வேறு எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று நோட்டம் பார்க்கவே பயன்பட்டது. ஆப்பிள் விதிகளைக் காட்டியதும் 2018-ல் அதன் கடையிலிருந்து விலகியது.

வி.பி.என். வைத்திருப்பது இந்தியாவில் பொதுவாகக் குற்றமில்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் மட்டும் அவ்வப்போது தடை உத்தரவு போடுகிறார்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றம் செய்யவோ செய்ததை மறைக்கவோ வி.பி.என். பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. ஒரு சினிமாவுக்காக எடுக்க வேண்டிய அபாயமா இது?

டெலிகிராமைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது, அங்கே யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்று. பயிற்சிப் பாடங்களைத் திருடிப் பகிர்ந்த சேனல்கள் மீது ஓர் ஆசிரியர் தொடுத்த வழக்கில், 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அட்மின்களின் விவரங்களைக் கேட்டது. நிறுவனம் பெயர், தொலைபேசி எண், ஐ.பி. முகவரி எல்லாவற்றையும் மூடிய உறையில் கொடுத்தது.

டார் பற்றிச் சுருக்கமாக. உங்கள் இணையப் போக்குவரத்தை மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிவிடும் அமைப்பு அது. வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பூட்டும் அந்த உத்தி அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பத்திரிகையாளர்களுக்கும், முறைகேட்டைப் பற்றிப் புகார் சொல்பவர்களுக்கும், வன்முறைக் கணவனிடமிருந்து தப்ப வழி தேடும் பெண்ணுக்கும் அது தேவை. படம் இறக்க அல்ல. அதன் மேல் டோரன்ட் ஓட்டாதீர்கள் என்று அதை உருவாக்கியவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: வேகம் எல்லோருக்கும் குறையும், டோரன்ட் செயலி உங்கள் உண்மையான ஐ.பி.யைத் தானே வெளியே சொல்லியும் விடும்.

இவ்வளவு தெரிந்தவர்களும் எங்கே சிக்குகிறார்கள்? கிக்ஆஸ் டோரன்ட்ஸ் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய டோரன்ட் தளம். அதை நடத்தியதாக உக்ரேனியர் ஒருவர் 2016 ஜூலையில் போலந்தில் கைதானார். அமெரிக்கப் புலனாய்வாளர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று: ஐடியூன்ஸில் காசு கொடுத்து ஏதோ வாங்கிய அதே ஐ.பி. முகவரியிலிருந்து, அதே நாளில், அந்தத் தளத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்குள்ளும் ஒருவர் நுழைந்திருந்தார். உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரை, நேர்மையாக வாங்கிய ஒரு பொருள் காட்டிக் கொடுத்தது. தொழில்நுட்பம் தோற்கவில்லை, மனிதர் ஒரு நாள் அசந்தார்.

மூன்றாம் படி: படம் தேடும் வரிசை

ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை இந்தியா என்று வைத்துப் படத்தின் பெயரைப் போடுங்கள். எந்தச் சேவையில் சந்தாவில் இருக்கிறது, எங்கே வாடகைக்கு, எங்கே இலவசம் என்று சொல்லிவிடும். பெயரை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள், தமிழ்ப் பெயர்களின் எழுத்துக் கூட்டல் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

அது கைவிட்டால் யூடியூப். பழைய படங்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்களே முழுப் படத்தையும் விளம்பரத்தோடு இலவசமாக ஏற்றியிருக்கின்றன. எண்பதுகள், தொண்ணூறுகளின் படங்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடமே இதுதான். சேனல் உண்மையானதா என்று பாருங்கள்: ஓரத்தை வெட்டி, படத்தைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி, வேகத்தைக் கூட்டி ஏற்றியிருந்தால் அது திருட்டு. பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலி 2024 நவம்பரில் வந்தது; தூர்தர்ஷன் பழைய நிகழ்ச்சிகளைத் தேடுகிறவர்கள் அதைத் துழாவலாம்.

புதுப்படம் என்றால் பொறுமைதான் வழி. தமிழில் திரையரங்குக்கும் ஓ.டி.டி.க்கும் இடையே பல படங்களுக்கு 4 வாரம்தான். எல்லாச் சந்தாவையும் ஆண்டு முழுக்க வைத்திருக்க வேண்டியதும் இல்லை. பார்க்க வேண்டியவற்றைச் சேர்த்து வைத்து ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றுங்கள். ஃபைபர் இணைப்போடும் ரீசார்ஜோடும் வரும் சந்தாக்களை முதலில் கணக்கெடுங்கள். பலர் தங்களிடம் ஏற்கெனவே இருப்பதையே தெரியாமல் திருட்டுப் பிரதி தேடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் போன்ற தமிழுக்கென்றே உள்ள சேவைகள் இருக்கின்றன.

எங்கேயும் கிடைக்காத படங்களும் உண்டு. அதில் பார்வையாளரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உரிம ஒப்பந்தம் முடிந்ததும் படம் ஒரு நாள் காலையில் செயலியிலிருந்து காணாமல் போகிறது. முதல் தமிழ்ப் பேசும் படத்துக்கே இன்று பிரதி இல்லாத ஊர் இது. ஒவ்வொரு திருட்டுப் பார்வையையும் இழந்த டிக்கெட்டாகக் கணக்குக் காட்டும் திரைத்துறை, பழைய படங்களைப் பார்க்கும்படி வைத்திருக்கிறதா என்றும் பதில் சொல்ல வேண்டும். நம்மால் முடிந்தது, உரிமை யாரிடம் என்று கண்டுபிடித்து அவர்கள் யூடியூப் சேனலில் கேட்பது. கேட்டவர்கள் கூடினால் சில நேரம் ஏற்றுகிறார்கள்.

இந்தியாவில் ஒரு படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டு. 1955-ல் வந்த படம் 2016 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. ஆனால் பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு. அவை எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த பின் 60 ஆண்டு ஓடும். பழைய படத்தை எடுத்துத் தன் சேனலில் போட நினைப்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கில்தான் மாட்டுகிறார்கள்.

பாட்டுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்க ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் போதும். எம்.பி.3 தளங்களின் காலம் முடிந்துவிட்டது. அங்கே இப்போது மிச்சமிருப்பது தப்பான பட்டன்கள்தான்.

நான்காம் படி: புத்தகம், இங்கேதான் நமக்குப் புதையல்

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆனால் நூல் பொதுவுடைமை. பாரதிதாசன் 1964-ல் மறைந்தார். ஆக 2025 ஜனவரி 1-ல் அவர் எழுத்தின் காலக்கெடு முடிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அவ்வளவு காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. அரசே எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து உரிமையை வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கும் 'நாட்டுடைமை' என்ற வழக்கம் இங்கே இருக்கிறது. 1949-ல் பாரதியின் எழுத்தில் தொடங்கியது அது. பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று நீளும் பட்டியல். கல்கியின் நாவல்களை ஏதோ கடத்தல் சரக்கு போல இரவில் டெலிகிராம் குழுவில் கேட்டு வாங்குகிறார்களே, அவற்றை யாரும் இறக்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம்.

தேட வேண்டிய வரிசை என்று நான் வைத்திருப்பது இது. முதலில் மதுரைத் திட்டம்: 1998 பொங்கலில் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த சங்க இலக்கியம் முதல் நவீன நாவல் வரை. எழுத்து வடிவில் இருப்பதால் தேடவும் செல்பேசியில் படிக்கவும் வசதி. அடுத்து தமிழ் விக்கிமூலம்; நாட்டுடைமை நூல்கள் பக்கப் படத்தோடு இருப்பதால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அச்சுப் பக்கத்தையே பார்க்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூல், இதழ், சிறு பிரசுரம் எதுவானாலும் நூலகம் தளம்; 2005-ல் தொடங்கிய அந்த முயற்சியின் அருமை, 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்தால் புரியும். இலங்கையில் பதிப்புரிமைக் காலம் எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டு என்பதையும் அங்கிருப்பவர்கள் மனதில் வைக்கவும். உயிரோடு இருக்கும் எழுத்தாளர்கள் தாங்களே இலவசமாகக் கொடுத்த நூல்களுக்கு ஃப்ரீதமிழ்இபுக்ஸ் இருக்கிறது.

இன்டர்நெட் ஆர்க்கைவில் தமிழ் நூல்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் யார் வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய இடம் அது. அங்கே இருப்பதாலேயே ஒன்று சட்டப்படி சரியாகிவிடாது. ஆசிரியர் யார், எப்போது மறைந்தார் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் நூலை வாங்கித்தான் படிக்க வேண்டும். தமிழில் சில நூறு பிரதி விற்பதே பல நாவல்களுக்குப் பெரிய காரியம். அதில் நூறு பேர் பி.டி.எஃப்.பில் படித்தால் இரண்டாம் பதிப்பு வராது. காசு இல்லையா, நூலகம் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டும். பதிப்பில் இல்லாத பழைய நூலுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கண்பார்வை இல்லாதவர்களுக்குச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2012-ல் சேர்த்த விதிவிலக்கின்படி, அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் நூலை மாற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. சுகம்ய புஸ்தகாலயா தளத்தில் பதிவு செய்தால் போதும்.

ஆய்வுக் கட்டுரை தேடும் மாணவர்களுக்கு: கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தை முடக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள், 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் தங்கள் கல்லூரி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்; சுமார் 13,000 இதழ்கள் அதில் வருகின்றன. அன்பேவால் நீட்சியை உலாவியில் சேர்த்தால் கட்டுரையின் இலவசப் பிரதி இருக்குமிடத்தைக் காட்டும். இந்திய ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா தளம். இவை எதிலும் இல்லையென்றால் கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள்.

ஐந்தாம் படி: ஏற்கெனவே ஏதாவது நிறுவியிருந்தால்

'எல்லா ஓ.டி.டி.யும் இலவசம்' என்று வந்த ஏ.பி.கே. கோப்பை (செயலிக் கடை வழியே வராமல் நேரடியாக நிறுவும் ஆண்ட்ராய்டு செயலி) நிறுவியவர்கள் சட்டத்தைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும். அமைப்புகளில் போய் அந்தச் செயலிக்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். படம் காட்டும் செயலிக்கு எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதியோ 'அணுகல்தன்மை' அனுமதியோ எதற்கு? வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யைப் படிக்கத்தான். முதலில் இணையத்தைத் துண்டித்து, அனுமதிகளைப் பறித்து, பிறகு நீக்குங்கள். நீக்க விடாமல் அடம்பிடித்தால் 'சாதன நிர்வாகி' பட்டியலில் அதன் டிக்கை எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். 'தெரியாத மூலத்திலிருந்து நிறுவு' என்ற அனுமதியை உலாவிக்கும் டெலிகிராமுக்கும் அணைத்து வையுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே அழையுங்கள். திருட்டுப் படம் பார்க்கப் போய்த்தான் இப்படி ஆனது என்ற வெட்கத்தில் காத்திருக்க வேண்டாம், முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நடுவில் நிறுத்தி வைக்க வழி இருக்கும்.